சோல் வாங்கப் போன ஊரும் அதன் பெயர்களும்

முதல் நாள், இரவு

சாம்பிள் பெட்டி குவாங்ஜோவுக்குப் போய்விட்டது. நான் சுவான்ஜோவில் இருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே 600 கிலோமீட்டருக்கு மேல் ரோடு.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவன் நான். புது சீசனுக்கு ரப்பர் சோல் மோல்டு பார்க்க வந்திருக்கிறேன். எங்கள் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) சாம்பிள் பன்னிரண்டு ஜோடியை ஒரு வாரம் முன்பே கூரியரில் அனுப்பியாகிவிட்டது. ஆங்கில எழுத்தில் இந்த ஊர் 'க்யூ'வில் தொடங்கும், அந்த ஊர் 'ஜி'யில். நம் வாய்க்கு இரண்டுமே 'குவா'தான். கம்பெனியில் ஒருவர் படித்துச் சொல்ல இன்னொருவர் ஃபாரத்தில் எழுத, பெட்டி பெரிய ஊருக்கே போய்ச் சேர்ந்தது. சீனத்தில் அந்தக் 'க்யூ'வுக்கு 'ச்' உச்சரிப்பு என்பது இன்று மத்தியானம் ரயில் நிலையத்தில் அறிவிப்பைக் காதால் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. உள்ளூர்ப் பேச்சில் அதுவும் இல்லையாம், 'ச்வான்சியு' என்கிறார்கள்.

பாய்க்கு (எங்கள் முதலாளி) போன் போட்டேன்.

"ஊர்ப் பேரைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாதாப்பா உங்களுக்கெல்லாம்?"

"பாய், இந்த ஊருக்குப் பேரே பத்து இருக்கு போலிருக்கு பாய்."

"பத்துல ஒண்ணாவது சரியா எழுதியிருக்கலாம்ல?"

சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து சியாமென், பிறகு அரை மணி நேர ரயில். சியாமென் என்பதுதான் பழைய ஆங்கிலக் கடிதங்களில் வரும் அமோய். அதுவும் உள்ளூர் உச்சரிப்பு காதில் விழுந்தபடி எழுதிய பெயர். இன்று எல்லோரும் சியாமெனில் இறங்கித்தான் சுவான்ஜோ வருகிறோம். ஆனால் பல நூற்றாண்டு காலம் அந்தத் தீவு சுவான்ஜோ நிர்வாகத்தின் கீழ் தோங்ஆன் என்ற வட்டத்தில் ஒரு ஓரமாகக் கிடந்த இடம். 1842 ஒப்பந்தத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்குத் திறந்துவிட்ட ஐந்து துறைமுகங்களில் ஒன்றானதும் அது மேலே போய்விட்டது.

கால் வலிக்கிறது. மீதி நாளைக்கு.

இரண்டாம் நாள்

தொழிற்சாலையிலிருந்து துபாஷியாக ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். கல்லூரி முடித்து இரண்டு வருடம் இருக்கும். என்னை 'ஷூஷூ' என்று கூப்பிடுகிறாள். சித்தப்பா முறையாம். ஷூ கம்பெனிக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடைக்காது. நான் அவளை அம்மா என்றேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் கொடுத்த விசிட்டிங் கார்டில் இருந்த விலாசம்: ஃபூஜியான் மாநிலம், சுவான்ஜோ நகரம், ஜின்ஜியாங் நகரம், சென்தாய் டவுன்.

"நகரத்துக்குள்ள நகரமா?"

"ஆமாம் ஷூஷூ. சுவான்ஜோ பெரிய நகரம். ஜின்ஜியாங் சின்ன நகரம். ரெண்டும் நகரம்தான்."

எனக்குப் புரிய அரை மணி நேரம் ஆனது. இங்கே 'நகரம்' என்றால் கட்டடமும் கடைத்தெருவும் உள்ள ஊர் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சுவான்ஜோ 'நகரம்' கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. அதற்குள் மலை உண்டு, தேயிலைத் தோட்டம் உண்டு (தியேகுவான்யின் தேயிலை விளையும் ஆன்ஷி இதில்தான் சேர்த்தி), மீன்பிடிக் கிராமம் உண்டு. ஜின்ஜியாங் மாதிரித் தாலுக்கா அந்தஸ்தில் தனித்தனி 'நகரங்களும்' உண்டு. அவள் காட்டிய நிர்வாக வரைபடத்தில் ஜின்மென் தீவுகூட சுவான்ஜோவின் ஒரு பகுதியாக நிறம் தீட்டியிருந்தது. அங்கே ஆட்சி நடத்துவது தைவான்.

சரி, சின்ன நகரம் பெரிய நகரத்துக்குக் கீழ், அவ்வளவுதானே என்று விட்டிருப்பேன். மதியம் சாப்பாட்டு மேசையில் தொழிற்சாலைக் கணக்குப்பிள்ளை (அறுபது தாண்டியவர், சரித்திரப் பைத்தியம்) குறுக்கே புகுந்தார். அவர் சின்ன வயசில் இது நேர் தலைகீழாம்.

ஜின்ஜியாங் என்ற வட்டத்துக்கு 718-ஆம் ஆண்டிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. பழைய சுவான்ஜோ கோட்டை ஊரே அந்த வட்டத்தில்தான் இருந்தது. அதாவது ஊர் சுவான்ஜோ ஃபூவின் (பல வட்டங்களுக்கு மேலான நிர்வாக அடுக்கு) தலைநகர், ஆனால் நிற்கிற மண் ஜின்ஜியாங் வட்டம். மன்னராட்சி போய்க் குடியரசு வந்ததும் ஃபூ என்ற அந்த மேல் அடுக்கையே 1913-இல் எடுத்துவிட்டார்கள். சுவான்ஜோ என்ற பெயருக்கு நிற்க இடமில்லாமல் போனது. கோட்டை, கோயில், கடைத்தெரு எல்லாம் இருந்தது, காகிதத்தில் அது ஜின்ஜியாங் வட்டம் மட்டுமே. பிறகு 1951-இல் ஜின்ஜியாங்கிலிருந்து ஊர்ப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து 'சுவான்ஜோ நகரம்' என்று தனியாக்கினார்கள். அதற்கு மேலே இருந்த பிராந்தியத்தின் பெயரோ ஜின்ஜியாங் பிராந்தியம். ஆக, ஜின்ஜியாங் மாமியார், சுவான்ஜோ மருமகள். 1985-இல் உத்தரவு வந்து, 1986-இல் பிராந்தியத்தையே கலைத்து, மருமகளை மாமியாராக்கிவிட்டார்கள். சுவான்ஜோ மேலே போனது, ஜின்ஜியாங் கீழே வந்தது. 1992-இல் ஜின்ஜியாங்குக்கும் 'நகரம்' பட்டம் கிடைத்ததால் இன்றைக்கு விசிட்டிங் கார்டில் இரண்டு நகரம்.

"அப்போ பழைய கோட்டை ஊருக்கு என்ன பேரு?"

"லீச்செங்," என்றார். "கெண்டை மீன் நகரம்."

சுவான்ஜோ என்ற பெயர் பெரிய பரப்புக்குப் போய்விட்டதால், ஆயிரம் வருடம் அதைச் சுமந்த ஊருக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. கோட்டைச் சுவரின் வடிவம் கெண்டை மீன் போல இருந்ததால் செல்லமாகக் கூப்பிட்டு வந்த பெயரை எடுத்து வட்டத்துக்குச் சூட்டிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை இதைச் சொல்லும்போது கொஞ்சம் கசப்பாகத்தான் சொன்னார். எனக்குப் புரிந்தது. வட ஆற்காட்டில் பிறந்து, அம்பேத்கர் மாவட்டத்தில் படித்து, வேலூர் மாவட்டத்தில் கல்யாணம் செய்து, இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறேன். வீடு மாறவே இல்லை.

மாலையில் மோல்டு வேலை முடிய நேரமாகும் என்றதால் சென்தாயிலேயே ஒரு பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனாள். டிங் குலத்தாரின் மூதாதையர் மண்டபம். சென்தாயில் ஷூ தொழில் என்றால் டிங், டிங் என்றால் ஷூ தொழில் என்ற அளவுக்கு அந்த வம்சம் பெருகியிருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் சாதாரணச் சீன மண்டபம், வளைந்த ஓட்டுக் கூரை, சிவப்புச் செங்கல். உள்ளே போனதும் அவள் தரையில் விரலால் ஒரு கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம் வரைந்து காட்டினாள். மண்டபத்தின் அமைப்பே அதுதான். வெளிக்கட்டு நான்கு பக்கமும் சுற்றிவர, நடுவில் ஒரு கட்டு. அது 'ஹுய்' என்ற எழுத்து. சீனத்தில் முஸ்லிம்களைக் குறிக்கும் சொல்.

சோங் வம்ச காலக் கடைசியில் (13-ஆம் நூற்றாண்டு) வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம் ஒருவரின் வாரிசுகள் இவர்கள். யுன்னானை ஆண்ட சையிது அஜல் ஷம்சுத்தீனைத் தங்கள் பாட்டன் வரிசையில் சேர்த்துக்கொள்கிறது குடும்பக் குறிப்பேடு. 'ஷம்சுத்தீன்' பெயரின் கடைசியில் வரும் 'தீன்'தான் 'டிங்' ஆனது என்பது வீட்டார் சொல்லும் கணக்கு. பிற்காலத்தில் தொழுகை நின்றுபோனது, ஆனாலும் மூதாதையருக்குப் படையல் வைக்கும்போது இன்றும் பன்றி இறைச்சி வைப்பதில்லை.

இதைப் பாய்க்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். எங்கள் கட்டிங் செக்‌ஷன் மேஸ்திரி பெயர் ஷம்சுத்தீன். "அவனுக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்கன்னு சொல்லிடாதே, விசா கேப்பான்," என்றார்.

மூன்றாம் நாள்

மோல்டு நாளைதான். இன்று விடுமுறை மாதிரி. ஜின் ஆற்றைத் தாண்டி லீச்செங் வந்தோம்.

ஆற்றின் பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஜின் என்பது வடக்கே ஆண்ட ஒரு வம்சம். 4-ஆம் நூற்றாண்டில் அங்கே கலவரம் மூண்டபோது தெற்கே ஓடிவந்தவர்கள் இந்த ஆற்றங்கரையில் குடியேறி, விட்டுவந்த அரசின் பெயரை ஆற்றுக்கு வைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. வடகிழக்கே இன்னொரு ஆறு இருக்கிறது, அதற்கு லோயாங் என்றே பெயர். அந்த வம்சத்தின் தலைநகர்ப் பெயர் அது. லோயாங் ஆற்றின் முகத்துவாரத்தில் 1053 முதல் 1059 வரை கட்டிய கருங்கல் பாலம் இன்னும் நிற்கிறது. அஸ்திவாரக் கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிடிக்க அவற்றின் மேல் கிளிஞ்சலை (சிப்பி) உயிரோடு வளர்த்திருக்கிறார்கள். நேரமில்லாததால் படத்தில்தான் பார்த்தேன். வயிற்றெரிச்சல்.

இனி அந்த 'சுவான்'. ஊற்று என்று அர்த்தம். வடக்கே இருக்கும் மலையில் ஊற்று நிறைய. பேருந்து நிறுத்தத்தில் அந்த எழுத்தைக் காட்டி எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தாள். மேலே 'வெள்ளை', கீழே 'தண்ணீர்'. வெள்ளைத் தண்ணீர், ஊற்று. நான் கையில் எழுதிப் பார்த்தேன், தண்ணீர் சரியாக வரவில்லை.

ஆனால் பாருங்கள், இந்தப் பெயர் முதலில் இந்த ஊருக்குச் சொந்தமே இல்லை. தாங் பேரரசு காலத்தில் சுவான்ஜோ என்று அழைக்கப்பட்டது வடக்கே உள்ள இன்றைய ஃபூஜோ. இங்கே இருந்ததன் பெயர் வூரோங்ஜோ. 711-இல் ஒரே உத்தரவு. சுவான்ஜோவுக்கு மின்ஜோ என்று பெயர் மாற்றி, காலியான சுவான்ஜோவைத் தூக்கி வூரோங்ஜோவுக்கு வைத்துவிட்டார்கள். மின்ஜோ 725-இல் ஃபூஜோ ஆனது. எனவே தாங் காலத்து ஆவணத்தில் 'சுவான்ஜோ அதிகாரி' என்று வந்தால் முதலில் வருடத்தைப் பார்க்க வேண்டும். 711-க்கு முன் என்றால் அவர் இருந்தது வேறு ஊரில். எங்கள் கூரியர் பெட்டியை நினைத்துக்கொண்டேன். அந்தத் தப்புக்கு 1300 வருடப் பாரம்பரியம் இருக்கிறது என்று பாயிடம் சொல்லலாம், கேட்க மாட்டார்.

காயுவான் கோயிலுக்குப் போனோம். 686-இல் தொடங்கியபோது தாமரைக் கோயில் என்று பெயர், பிறகு 738-இல் பேரரசர் ஆட்சியாண்டுப் பெயரான காயுவானை வைத்தார்கள். ஊரைப் போலவே கோயிலும் பெயர் மாற்றத்திலிருந்து தப்பிக்கவில்லை. முற்றத்தில் இரு பக்கமும் இரண்டு கல் கோபுரங்கள், 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவை. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர், மேற்குக் கோபுரம் 44 மீட்டர். மரக் கட்டடம் போலவே உத்திரமும் தாங்கு கட்டைகளும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கூட்டம் அதிகம். பெண்பிள்ளைகள் பாதிப் பேர் தலை நிறையப் பூ வளையம் சூடிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷுன்பூ என்ற மீனவக் கிராமத்துப் பெண்கள் தினசரி வைத்துக்கொள்ளும் அலங்காரமாம், இப்போது டூரிஸ்டுகளிடம் பரவிவிட்டது. கொண்டையைச் சுற்றி மூன்று நான்கு அடுக்கு. நம்மூர் முகூர்த்த நாளே தோற்றது.

பெரிய மண்டபத்துக்குப் பின்னால் போங்கள் என்று கணக்குப்பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார். அங்கே கூட்டம் இல்லை. பின் தாழ்வாரத்தில் இரண்டு தூண்கள் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கின்றன. பச்சை கலந்த சாம்பல் நிறக் கல், பதினாறு பட்டை. கிட்டே போய்க் குனிந்தேன். வட்டத்துக்குள் நரசிம்மம், மடியில் இரணியன். இன்னொரு வட்டத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணன். யானையின் காலைப் பிடித்த முதலை. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். மண்டபத்தின் முன்னால் மேடை அடியில் வேறு, மனித முகமும் சிங்க உடலுமாகவும், வெறும் சிங்கமாகவும் 70-க்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள். இங்கே இருந்த சிவன் கோயில் அழிந்த பிறகு, மங்கோலியருக்குப் பின் வந்த மிங் வம்ச காலத்தில் புத்தர் கோயில் திருப்பணி நடந்தபோது அந்தக் கற்களை எடுத்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். முகச் சாயல், துணி மடிப்பு எல்லாம் கொஞ்சம் சீனம். செதுக்கிய கை உள்ளூர்க் கை என்பது பார்த்தாலே தெரிகிறது. கதை சொன்னவர் கடல் கடந்து வந்தவர்.

அவளுக்குக் கஜேந்திர மோட்சக் கதையைச் சொன்னேன். முடிவில், "முதலை என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அதுவும் மோட்சம் போச்சும்மா என்றேன்.

வெளியே வந்து மேற்குத் தெருவில் மியன்ஷியன் ஹூ என்ற கஞ்சிச் சேமியா சாப்பிட்டோம். மீதிப் பெயர்க்கதை சாப்பாட்டுக் கடை எதிரில்தான் கிடைத்தது. பூங்கா மதில் ஓரமாக ஒரு மரம், இலை குறைவு, கிளை நுனியெல்லாம் ரத்தச் சிவப்பில் பூங்கொத்து.

"இதுதான் எங்க ஊரு மரம் ஷூஷூ. சிதோங்."

மரத்தடியில் போய் அடிமரத்தைத் தடவினேன். முள். கீழே கிடந்த இலையைப் பொறுக்கினேன், மூன்று மூன்றாக. சளி பிடித்தால் என் அம்மா அரைத்து அடை சுடும் இலை. கல்யாணத்துக்கு அரசாணிக்கால் நடும் கிளை. கல்யாண முருங்கை! முள்முருங்கை என்றும் சொல்வோமே, அதே. 'சி' என்றால் முள், 'தோங்' என்றால் தோங் மரம், 'முள் தோங்' என்று அவள் பிரித்துச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர்களும் முள்ளை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள்.

10-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட லியூ சோங்ஷியாவ் கோட்டையைப் பெரிதாக்கியபோது சுற்றிலும் இந்த மரத்தை நட்டார். ஊருக்குச் சிதோங் நகரம் என்று பட்டப்பெயர் வந்தது. அரசாங்கக் காகிதத்தில் அது ஏறவே இல்லை. ஆனால் கப்பல்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அரபு வாயில் சிதோங் 'ஜைத்தூன்' ஆனது. அரபியில் ஜைத்தூன் என்றால் ஆலிவ். 14-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்திறங்கிய இப்னு பதூதா, பெயர்தான் ஜைத்தூன், ஊரில் ஒரு ஆலிவ் மரமும் இல்லை என்று குறித்து வைத்திருக்கிறார். மார்க்கோ போலோவுக்கும் இது ஜைத்தூன்தான். அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் ஜைத்தூனுக்கு நூறு கப்பல் வருகிறது என்கிறார். நூறு என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம், வியாபாரி வாய். ஜைத்தூனி துணி என்பதுதான் 'சாட்டின்' ஆனது என்றும் சொல்வார்கள். எங்கள் லேடீஸ் ஷூவில் சாட்டின் லைனிங் போடுகிறோம். கல்யாண முருங்கை லைனிங் என்று இனி சொல்ல வேண்டியதுதான்.

நான்காம் நாள்

மோல்டு முடிந்தது. ஹீல் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல், திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறேன். பெட்டி குவாங்ஜோவிலிருந்து கிளம்பிவிட்டதாகத் தகவல்.

நேற்றுக் கோயில் வளாகத்திலேயே பழைய கப்பல் ஒன்றைப் பார்த்ததை எழுத மறந்துவிட்டேன். 1974-இல் ஹோவ்ஜூ துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பல். மேல்பகுதி போய் அடிப்பகுதி மட்டும், அதுவே 24 மீட்டர் நீளம். குறுக்கே பலகைத் தடுப்பு வைத்து 13 அறைகள். ஒரு அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றது தாங்கும். உள்ளே வாசனைக் கட்டை, மிளகு, சாம்பிராணி வகைகள் கிடைத்தன. கூடவே 96 மரச் சீட்டுகள், எந்தச் சரக்கு யாருடையது என்று எழுதிக் கட்டியவை. கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சீட்டுகளைப் பார்த்தபோது கூரியர்க்காரர்கள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. கிட்டத்தட்ட 700 வருடம் சேற்றில் கிடந்தும் சீட்டு சரியாக இருக்கிறது, ஊர் போய்ச் சேரவில்லை.

இந்தச் சரக்கெல்லாம் சும்மா வந்து இறங்கவில்லை. 1087-இல் அரசு இங்கே கடல் வணிக அலுவலகம் திறந்தது. வரும் கப்பலைச் சோதித்து, வரி எடுத்து, போகும் கப்பலுக்கு அனுமதி கொடுப்பது அதன் வேலை. அதுவரை அனுமதி வாங்கக் குவாங்ஜோ போக வேண்டியிருந்தது. (மறுபடியும் குவாங்ஜோ!) அலுவலகம் வந்த பிறகுதான் ஊர் ஜைத்தூன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. மங்கோலியர் வந்தபோது வணிக அலுவலகத்தைக் கையில் வைத்திருந்த பூ ஷோகெங், வெளிநாட்டு வணிகர் வழிவந்தவர், சோங் அரசைக் கைவிட்டு அவர்கள் பக்கம் சாய்ந்தார். துறைமுகம் எரியாமல் தப்பியதற்கு அதுவும் காரணம். ஊரில் அவரை இன்றும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கணக்குப்பிள்ளைக்கு அவர் துரோகி. துபாஷிப் பெண்ணுக்கு, "வியாபாரி வேற என்ன செய்வாரு?"

இன்று மத்தியானம் கடல்வணிக அருங்காட்சியகம். அரபு எழுத்துக் கல்லறைக் கற்கள், சிலுவையும் தாமரையும் சேர்ந்த கற்கள், அவற்றோடு நம் ஊர்க் கோயில் துண்டுகள். இந்த ஊருக்கு ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு என்று தெரிந்ததால் அதன் படத்தையும் வாசிப்பையும் போனில் எடுத்துவந்திருந்தேன். 1956-இல் ஊருக்குள் கிடைத்த கல். தமிழும் சீன எழுத்தும் உள்ளது. சகாப்தம் 1203, சித்திரை மாதம், சித்திரை நாள், அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், செகசை கான் திருமேனி நன்றாக இருக்க, கோயிலில் உடைய நாயனாரை (சிவனை) எழுந்தருளச் செய்தார். செகசை கான் என்பது குப்லாய் கான்தான் என்பது பலர் கருத்து.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பாய்க்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். கடைசியில் "செகசை கான் பர்மான்படி" என்று வந்ததும் அங்கிருந்து சத்தம்.

"பர்மானா? தமிழ்க் கல்வெட்டுலயா?"

"ஆமா பாய். உங்க பாஷைதான்."

"பர்மான்னா ராஜா உத்தரவுப்பா. அப்போ லைசென்ஸ் வாங்கித்தான் கோயில் கட்டியிருக்கான் உங்காளு."

அதுதான் எனக்கும் தோன்றியது. பாரசீகச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, மங்கோலிய ராஜாவின் அனுமதியைச் சீன ஊரில் காட்டியிருக்கிறார் அந்த மனிதர். அந்தக் கோயிலின் பெயரிலும் ஒரு வழக்கு இருக்கிறது. தேய்ந்த எழுத்தைச் சிலர் திருக்கதலீச்சுரம் என்று படிக்கிறார்கள். கதலி, வாழை. வேறு சிலர் திருக்கானீச்சுரம் என்கிறார்கள். ராஜராஜேச்சுரம் போல, கானின் பெயரால் ஈச்சுரம். எனக்கு இரண்டாவதுமேல்தான் ஆசை. பர்மானைக் கடைசியில் குறிப்பிட்டவர், கோயிலுக்கே கான் பெயரை வைத்திருக்க மாட்டாரா?

இன்னொன்றையும் தேடினேன். நம் ஆட்கள் இந்த ஊரை என்னவென்று கூப்பிட்டார்கள்? ஜைத்தூன் என்றா, சுவான்ஜோ என்றா, முள்முருங்கைப் பட்டினம் என்றா? கல்வெட்டில் வருடம் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, ராஜா இருக்கிறார், ஊர்ப்பெயர் இல்லை. உள்ளூரில் நடும் கல்லில் உள்ளூர்ப் பெயர் எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

ஒரு வகையில் அது நல்லதுதான். அந்த வருடம் எழுதியிருந்தால் எதை எழுதுவது என்று திண்டாடியிருப்பார்கள். 1278-இல் மங்கோலியர் மாகாணத் தலைமையகத்தை இங்கே வைத்தார்கள். 1281-இல், கல் நட்ட அதே வருடம், ஃபூஜோவுக்கு மாற்றினார்கள். 1282-இல் திரும்ப இங்கே. 1283-இல் மறுபடி ஃபூஜோ. பைல்களை மாட்டுவண்டியில் ஏற்றி இறக்கியே குமாஸ்தாக்கள் செத்திருப்பார்கள். 1297-இல் இன்னொரு முறை இங்கே கொண்டுவந்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை.

பிறகு வந்தது இறக்கம். 1357-இலிருந்து சுமார் பத்து வருடம் வெளிநாட்டுப் படைவீரர் கலகம், அதன் பின் மிங் அரசின் கடல் தடை, ஆற்று வண்டல். 15-ஆம் நூற்றாண்டில் வணிக அலுவலகமும் ஃபூஜோவுக்குப் போய்விட்டது. ஜைத்தூன் என்ற பெயர் கடலில் மறந்துபோயிற்று. பிறகு வந்த ஐரோப்பியர் ஸின்ச்சியூ என்று எழுதினார்கள். பக்கத்து ஜாங்ஜோவையும் அதே பெயரில் எழுதினார்கள். மார்க்கோ போலோவின் ஜைத்தூன் எது என்று வெகுகாலம் சண்டை போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் 22 இடங்களோடு ஊர் ஏறியபோது சுவான்ஜோ என்ற பெயரில்தான் ஏறியது.

ஐந்தாம் நாள், சியாமென் ரயில்

பெட்டி வந்துவிட்டது. மேலே மூன்று லேபிள், ஒன்றன்மேல் ஒன்று. முதலாவதில் எங்கள் கையெழுத்துத் தப்பு, இரண்டாவதில் குவாங்ஜோ கிடங்கு முத்திரை, மூன்றாவது அவள் போனில் பேசி ஒட்ட வைத்தது. அதில் வெள்ளையும் தண்ணீரும் சேர்ந்த அந்த எழுத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன்.

அப்பர் பன்னிரண்டும் சோலில் உட்கார்ந்தது. சைஸ் எட்டில் மட்டும் கொஞ்சம் இழுப்பு.

திருத்திய மோல்டு சாம்பிளை இங்கிருந்து ஆம்பூருக்கு அனுப்ப வேண்டும். கிளம்பும் முன் அவள் ஃபாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு விலாசம் கேட்டாள். பழைய பில்லைக் கொடுத்தேன். அதில் வேலூர் மாவட்டம் என்று அச்சாகியிருந்தது. என் விசிட்டிங் கார்டில் திருப்பத்தூர் மாவட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எது சரி ஷூஷூ?"

"பின்கோடு ரெண்டுலயும் ஒண்ணுதானேம்மா. அதைப் பெருசா எழுது."